பதினோராம் பதிப்பின் கடைசி வரி

எங்கள் வட்டாரத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் மாஸ்டரிடம் கற்றுக்கொண்டவர்கள். அந்தப் பாதிப் பேரில் ஒருவர்கூட அவர் வாயிலிருந்து 'சரி' என்ற வார்த்தையைக் கேட்டதில்லை. முப்பத்தொரு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார், பாராட்டு என்று அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், "இன்னும் பிராக்டிஸ் வேணும்." நான் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினேன். அதை வாங்கி, என் போட்டோவை உற்றுப் பார்த்து, போட்டோவுக்கும் சேர்த்து அதையே சொன்னார்.

அவர் ஸ்கூலுக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆகையால் நான் சொல்வதில் பொய் கிடையாது. கொஞ்சம் எரிச்சல் கலந்திருக்கலாம். ஒரு மனுஷன் எட்டு மாதத்தில் ஒரே பயணத் திட்டத்தைப் பதினோரு தடவை திருத்தி உங்களிடம் அச்செடுக்கக் கொண்டுவந்தால் உங்களுக்கும் எரியும்.

மாஸ்டர் பாடம் நடத்தும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கூல் காரில் ஓட்டுகிறவருக்கு இருப்பதுபோலவே, பக்கத்து இருக்கையில் இவர் காலடியிலும் ஒரு கிளச், ஒரு பிரேக் உண்டு. ஸ்கூல் வாசலில் கிளம்பி, பூங்கா, ஆஸ்பத்திரி முக்கு, கோர்ட் ரவுண்டானா, தண்ணீர்த் தொட்டி, மறுபடி ஸ்கூல் வாசல். நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுற்று. கடையில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த முப்பத்தொரு வருஷத்தில் மனுஷன் நிலாவுக்குப் போய்ச் சேர்ந்து, திரும்பும் வழியில் கொஞ்ச தூரம் வந்தும் இருப்பார். ஆனால் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை. அதுவும் வேக முள் முப்பதைத் தாண்டினால் இவர் கால் தன்னால் பிரேக்கை மிதித்துவிடும்.

இதை யாரும் கவனிக்காததற்குக் காரணம் உண்டு. வெளியூர் போவதென்றால் மாஸ்டர் குடும்பம் ரயிலிலோ பஸ்ஸிலோதான் போகும். ஏன் என்று கேட்டால், "ஓட்டறது என் வேலை. லீவுல நான் வேலை பாக்கறதில்ல" என்பார். கேட்டவர்கள் மரியாதையோடு தலையாட்டிவிட்டுப் போவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன்.

அவருடைய மாமனாரிடம் சாம்பல் நிறத்தில் ஒரு கார் இருந்தது. இப்போது அதற்கு அறுபது வயதுக்கு மேல். மாமனாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவருக்கு அப்பாவே அந்தக் காரில் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். இளையவர் அப்போது சின்னப் பிள்ளை. பின் இருக்கையில் முழங்காலிட்டு, அக்கா கியர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர். அந்த இளையவர்தான் மாஸ்டரின் மனைவி. நாங்கள் மாஸ்டரம்மா என்போம். பெரியவர் கடைசியில் காரை இளைய மகளுக்கே எழுதிவைத்தார். மாப்பிள்ளை டிரைவிங் மாஸ்டர், வண்டி சும்மா கிடக்காது என்று அவர் நம்பினார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கார் அறுநூற்று நாற்பது கிலோமீட்டர் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. லாரியில் ஏறி வந்தது. பழைய வண்டியின் டயரை அவ்வளவு தூரம் தேய்க்கக் கூடாது என்று மாஸ்டர் விளக்கம் சொன்னார். அன்றிலிருந்து அது அவர் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள நீளச் சந்தில் நிற்கிறது. கியர்க் கம்பி ஸ்டியரிங்கின் கழுத்திலேயே இருக்கும். மொத்தமே மூன்று கியர். வளைவில் திருப்பினால் ஹார்ன் தானாக அடிக்கும். மெக்கானிக் நாலு தடவை பிரித்துப் பார்த்துவிட்டு, அது அதன் சுபாவம் என்று கைகழுவிவிட்டார்.

தினமும் காலையில் பத்து நிமிஷம் இன்ஜினை ஓட விட்டு, வண்டியைச் சந்துக்குள்ளேயே இரண்டடி முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கும் வேலையை மாஸ்டர் தன் மனைவியிடம் ஒப்படைத்திருந்தார். ஆறிலிருந்து ஒன்பது மணி வரை அவருக்குக் காலை வகுப்பு. மாஸ்டரம்மாவுக்கு அதற்குமேல் ஓட்டத் தெரியாது என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் மாஸ்டர் அவருக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். இரண்டு நாள் நடந்தது. இரண்டாம் நாள் தண்ணீர்த் தொட்டி அருகே ஏழாவது தடவையாக மாஸ்டர் தன் பிரேக்கை மிதித்ததும், மாஸ்டரம்மா கதவைத் திறந்து இறங்கி, வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சை இருவருமே எடுத்ததில்லை.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமிருந்து போன் வந்தது. வீட்டை விற்றுவிட்டு, கடல் தாண்டி மகனோடு போய் இருக்கப்போகிறாராம். போனால் திரும்பி வருவது இல்லை. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு வாசல் கேட்டுக்கு வருவதே அவருக்குப் பெரும்பாடு. இங்கே வந்து போக முடியாது. ஒன்றே ஒன்று கேட்டார். போவதற்குள் அப்பாவின் காரில் ஒரு தடவை உட்கார வேண்டும், கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். மாஸ்டர் போனை வாங்கி, கட்டாயம் கொண்டுவருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் முதல் பதிப்பு என் கடைக்கு வந்தது. ஒரே பக்கம். புறப்பாடு, வழி, தங்குமிடம், வந்து சேரும் நேரம். கடைசி வரி இப்படி இருந்தது: 'அக்கா வீட்டுச் சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, மீதி இருநூறு மீட்டர் நடந்து செல்லவும்.' அதை நான் கவனிக்கவில்லை. என் கண் வேகக் கணக்கில் நின்றுவிட்டது. மணிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் என்று போட்டிருந்தார். அந்தக் கணக்கில் மூன்று நாள் ஆகும். சைக்கிளில் போகிற திட்டமா என்று விளையாட்டாகக் கேட்டேன்.

மாஸ்டர் எழுந்து போய் என் கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, மெஷின் ஓடுகிற சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நான் ஹைவேல ஓட்டினதே இல்ல. ஒரு தடவகூட இல்ல. காலுக்கடியில ரெண்டாவது பிரேக் இல்லாம உக்காந்தே முப்பது வருஷமாச்சு."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. வீட்டில் அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது என்றார். ஒரு டிரைவரை வைத்துக்கொள்ளலாமே என்றேன். மாஸ்டர் வீட்டுக் காரை இன்னொருத்தன் ஓட்டினால் மறுநாள் ஸ்கூலை இழுத்து மூட வேண்டியதுதான் என்றார். அப்படியானால் மறுபடி லாரியிலேயே அனுப்பிவிடலாம் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

அன்றிலிருந்து மாஸ்டர் திட்டத்தில் ஒளிந்துகொண்டார். திட்டம் முடிந்தால் கிளம்பியாக வேண்டும். ஆகவே அது முடியாமல் பார்த்துக்கொண்டார். இரண்டாம் பதிப்பில் வழியிலுள்ள சிக்னல்கள் அத்தனையும் வந்தன, மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. நாலாம் பதிப்பில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கண்ணாடி, கைகாட்டல், கியர் என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பினார். ஐந்தாம் பதிப்பில் நாய் குறுக்கே வந்தால் செய்ய வேண்டியவை, நாய் குறுக்கே வந்து நின்றுவிட்டால் செய்ய வேண்டியவை என இரண்டு தனித் தலைப்பு. ஹார்ன் தானாக அடிக்கும்போது எதிரே வருகிறவர் கோபப்பட்டால் எப்படிச் சிரிக்க வேண்டும் என்றுகூட ஒரு குறிப்பு இருந்தது.

இதுவாவது புரிகிறது. பயந்த மனுஷன். எனக்குப் புரியாதது மாஸ்டரம்மாதான். ஒவ்வொரு பதிப்பையும் வரி விடாமல் படித்து, ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்து அனுப்புவார். ரேடியேட்டருக்கு எங்கெங்கே தண்ணீர் ஊற்றுவது என்று போடவில்லையே என்பார். மாஸ்டர் முகம் மலர்ந்து, அதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்வார். பெண்கள் இறங்குகிற மாதிரி இடமாகப் பார்த்துப் போடவில்லையே என்பார். அதற்கு ஒரு மாதம். மழை வந்தால், ஒரு வைப்பர்தானே வேலை செய்கிறது என்பார். அதற்கு ஒரு மாதம். எட்டாம் பதிப்பு வந்தபோது, மத்தியான வெயில் என் பக்கம் அடிக்குமே என்றார். மாஸ்டர் திசைகாட்டியும் கையுமாக உட்கார்ந்து, வெயில் எதிர்ப்பக்கம் விழும்படி வழியையே வளைத்து, ஐம்பத்திரண்டு கிலோமீட்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அக்கா ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்து கிளம்பியாச்சா என்று கேட்பார். முதலில் மாதக் கணக்கில் இருந்த பயணம், பிறகு தேதிக் கணக்குக்கு வந்தது. இருபத்தெட்டாம் தேதி விமானம். வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாற்காலியை மட்டும் வாசலில் போட்டு வைத்திருக்கிறேன் என்றாராம்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலை மாஸ்டரம்மா என் கடை வழியாகப் போனபோது நிறுத்திக் கேட்டேவிட்டேன்.

"உங்க அக்கா ஊரையே விட்டுப் போகப்போறாங்க. நீங்க வெயில் அடிக்குதுன்னு சொல்லிட்டு இருக்கீங்களே?"

"வெயில் அடிக்காதா பின்ன?" என்றார். சொல்லிவிட்டு, தையல் வகுப்புக்கு நேரமாச்சு என்று நடையைக் கட்டினார்.

அந்தத் தையல் வகுப்பு ஒரு தனி எரிச்சல். செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போவார். ஏழெட்டு மாதமாகப் போகிறவர் இதுவரை ஒரு தலையணை உறைகூடத் தைத்து நான் பார்க்கவில்லை. மற்ற நாட்களில் கார் இன்ஜினை ஓட விடுவார். பத்து நிமிஷம் ஓட விடச் சொன்னால் அரை மணி நேரம் சந்துக்குள்ளிருந்து உறுமல் கேட்கும். பெட்ரோல் புகை முழுக்க என் பேப்பர் கட்டில் படியும். இந்த அம்மாளுக்கு எதிலும் பொறுப்பில்லை என்று நான் என் மனைவியிடம் அடிக்கடி சொன்னேன். அவள், உங்கள் வேலையைப் பாருங்கள் என்றாள்.

பதினோராம் பதிப்பு அறுபத்து நாலு பக்கம். சுருள் கம்பி போட்டு, முன்னால் பொருளடக்கம் வைத்துக் கட்டிக்கொடுத்தேன். அதை மாஸ்டரம்மா ஒரு இரவு வைத்திருந்து, காலையில் கடைக்கே கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், இந்தத் தடவை என்ன குறையோ என்று மாஸ்டர் ஆசையோடு பேனாவை எடுத்துவிட்டார்.

"ஒரு குறையும் இல்ல. ஞாயித்துக்கிழமை கிளம்பலாம்" என்றார் மாஸ்டரம்மா.

மாஸ்டர் பேனாவை மூடிய விதத்தை நான் மறக்க மாட்டேன். மூன்று தடவை மூடினார். அப்புறம், வழியில் திட்டத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், நீதான் வருகிறாய் என்று என் தோளைப் பிடித்தார். அந்தப் பிடியில், தனியாக விட்டுவிடாதே என்ற கெஞ்சல் இருந்தது. கடையை ஒரு வாரம் மூடுவதாக வீட்டில் சொன்னேன். அங்கே யாருக்கும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கே தெருவில் கூட்டம். மாஸ்டரின் பழைய மாணவர்கள், இப்போதைய மாணவர்கள், மெக்கானிக், எதிர்வீட்டுக்காரர்கள். மெக்கானிக் முந்தின நாள் சாயங்காலமே வண்டியை வெளியே எடுத்து, மூக்கை ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். முகம் வெளுத்திருந்தது. திட்டத்தில் உள்ளபடி வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். எண்ணெய் பார்த்தார், தண்ணீர் பார்த்தார், நாலு டயரையும் உதைத்துப் பார்த்தார். நான் பின் இருக்கையில் திட்டத்தை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி செய்வதற்கு ஒன்றும் பாக்கியில்லை என்றானதும், மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்தி, கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்தார்.

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

முப்பத்தொரு வருஷமாக, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை, எந்தக் கதவைத் திறந்தாரோ அந்தக் கதவையே கால் தேடிப் போய்விட்டது. உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டுத்தான், எதிரே ஸ்டியரிங் இல்லை என்பதைப் பார்த்தார். அவருடைய காது சிவப்பதைப் பின்னாலிருந்து பார்த்தேன். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மாஸ்டரம்மா வீட்டைப் பூட்டிவிட்டு, கையில் பிளாஸ்கோடு வந்தார். நிலைமையை ஒரு பார்வை பார்த்தார். முன்னால் காலியாக இருந்தது ஓட்டுகிறவர் இடம் மட்டும்தான். அந்தப் பக்கம் போய் நின்றார். அவசரப்படவில்லை. மாஸ்டர் இறங்கி மாறி உட்கார வேண்டிய நேரத்தை முழுசாக அவருக்குக் கொடுத்தார். மாஸ்டரின் கை கதவுப் பிடியில் இருந்தது. அது கதவைத் திறக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். சரியாகச் சாத்தாத கதவை அது இன்னொரு தடவை இழுத்துச் சாத்தியது.

மாஸ்டரம்மா பிளாஸ்கை என்னிடம் நீட்டிவிட்டு ஏறினார். செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினார். சோக்கை இழுத்தார். முதல் தடவையிலேயே இன்ஜின் பிடித்தது.

மாஸ்டர் எதிரே பார்த்தபடி, வகுப்புக் குரலில், "கண்ணாடி" என்றார்.

"பாத்தாச்சு."

"கிளச்."

"மிதிச்சாச்சு."

"ஹேண்ட் பிரேக்."

அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஒரு குலுக்கல் இல்லை, ஒரு திணறல் இல்லை. கூட்டத்தில் யாரோ, மாஸ்டர் சம்சாரத்துக்கே சொல்லிக்கொடுத்து உட்கார வைத்துவிட்டார் பார் என்று கை தட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள். மாஸ்டர் என்ன செய்வதென்று தெரியாமல் கையை ஆட்டினார்.

தெரு முனையில் திருப்பியபோது ஹார்ன் அடித்தது. பூங்கா, ஆஸ்பத்திரி முக்கு, ரவுண்டானா எல்லாம் வழக்கம்போல் வந்து போயின. தண்ணீர்த் தொட்டியும் வந்தது. மாஸ்டரின் கால் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை, ரப்பர் விரிப்புதான் இருந்தது. தண்ணீர்த் தொட்டி பின்னால் போய்விட்டது. அவர் கழுத்தைத் திருப்பி அது மறைகிற வரைக்கும் பார்த்தார்.

ஹைவேயில் முள் ஐம்பதுக்குப் போனது, பிறகு அறுபதுக்கு. நான் கடமை தவறாமல் ஒன்பதாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் பதினாலாம் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம். லாரி வந்தால் மாஸ்டர் மிதிப்பார், பஸ் வந்தால் மிதிப்பார், வெறும் ரோட்டிலும் ஒரு முன்ஜாக்கிரதைக்காக மிதிப்பார். மாஸ்டரம்மா எதையும் கண்டுகொள்ளவில்லை. வெயிலுக்காக வளைத்த ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் கிளை பிரியும் இடம் வந்தது. நான் பக்கத்தைக் காட்டிச் சொன்னேன். நேரே போனார். வெயில் அவர் முகத்திலேயே அடித்தது.

நூறு கிலோமீட்டர் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். மாஸ்டர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவில்லை. எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்.

"தையல் கிளாஸ்ல" என்றார் மாஸ்டரம்மா.

ஊரின் மறுகோடியில் ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. அதை நடத்துகிறவர் மாஸ்டரிடமே படித்தவர். சேர்ந்த மூன்றாம் நாளே மாணவர்களை ஹைவேக்கு அழைத்துப் போவதால் மாஸ்டர் அவருக்குப் பறக்கும் மாஸ்டர் என்று பெயர் வைத்திருந்தார். அங்கேதான் வாரத்துக்கு மூன்று நாள் போயிருக்கிறார். ஆறாவது மாதமே லைசென்ஸ் வந்துவிட்டதாம். நான் பிளாஸ்க் மூடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொறுப்பில்லை என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணிப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மாஸ்டர் டீயைக் கீழே வைத்தார்.

"நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் இந்த மாதிரி ரோட்டுல ஓட்டினதே இல்ல."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"கார் லாரில வந்து இறங்கின அன்னிக்கே தெரியும்."

மாஸ்டர் ரோட்டின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் கேட்டது வேறு. தெரிந்திருந்தும், எட்டு மாதமாகத் தண்ணீர் எங்கே, வெயில் எங்கே என்று தன்னை ஏன் அலைக்கழித்தாய் என்றார்.

"எனக்கு ரிவர்ஸ் வரல" என்றார் மாஸ்டரம்மா. "முன்னாடி போறது ஒரே மாசத்துல வந்துடுச்சு. ரிவர்ஸ் மட்டும், ரெண்டடிக்கு மேல நேரா வரவே மாட்டேன்னுச்சு. அதுக்குள்ள நீங்க பிளான முடிச்சு, தைரியம் வந்து கிளம்பிட்டீங்கன்னா நான் என்ன பண்றது? அதான் குறை சொல்லிட்டே இருந்தேன்."

மூன்று நாள் பயணத்தில் ரிவர்ஸ் எதற்கு என்று நான்தான் குறுக்கே கேட்டேன். மாஸ்டரம்மா என் மடியிலிருந்த திட்டத்தை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கடைசி வரியில் விரலை வைத்தார். சந்து முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, மீதி இருநூறு மீட்டர் நடந்து செல்லவும். பதினோரு பதிப்பில் எல்லாம் மாறியது, அது மட்டும் மாறவில்லை. அக்கா வீடு முட்டுச்சந்தின் கடைசி வீடு. உள்ளே திருப்ப இடம் கிடையாது. உள்ளே போகும்போதோ வெளியே வரும்போதோ, ஏதாவது ஒரு தடவை வண்டி பின்னாலேயே வர வேண்டும்.

"நாம நடந்துடுவோம். அவ எப்படி நடப்பா?" என்றார்.

மாஸ்டரும் நானும் அந்த வரியைப் பார்த்தோம். அறுநூற்று நாற்பது கிலோமீட்டருக்கு அறுபத்து நாலு பக்கம் எழுதியவர், யாருக்காகப் போகிறோமோ அவருக்கு இருநூறு மீட்டரை மிச்சம் வைத்திருந்தார். அதை நான் பதினோரு தடவை அச்சடித்திருந்தேன்.

இரவு ஒரு லாட்ஜில் தங்கி, மறுநாள் மத்தியானம் சந்து முனைக்கு வந்து சேர்ந்தோம். மாஸ்டர் திட்டத்தில் உள்ளபடி இறங்கினார். நானும் இறங்கினேன். மாஸ்டரம்மா முனையைத் தாண்டி வண்டியை நிறுத்தி, கம்பியை ரிவர்ஸுக்குத் தள்ளினார். முன்பக்கமாகவே உள்ளே போய்விட்டு, திரும்பும்போது பின்னால் வரலாமே என்று மாஸ்டர் மெல்லச் சொன்னார். அக்கா ஏறின பிறகு பின்னாலேயே போவதா, அவள் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு போக வேண்டாமா என்று கேட்டார் மாஸ்டரம்மா. கேட்டுவிட்டு, தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, வண்டியைச் சந்துக்குள் விட்டார்.

ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் சாக்கடை. வழியில் ஓரமாக நிறுத்தியிருந்த இரண்டு பைக், ஒரு தண்ணீர் டிரம். மாஸ்டர் காரின் மூக்குக்கு எதிரே, அதைப் பார்த்தபடி நடந்து வந்தார். நாலைந்து தடவை, நிறுத்து என்று காட்ட அவர் கை எழும்பியது. கடைசியில் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். சந்து பாதியில் வளைகிறது. வளைவில் வண்டி திரும்பியதும் ஹார்ன் அடித்தது.

நாங்கள் வளைவைத் தாண்டியபோது, கடைசி வீட்டு வாசல் நாற்காலி காலியாக இருந்தது. அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்து நின்றிருந்தார். அந்த ஹார்னைக் கேட்டே எழுந்து வந்திருக்கிறார். வண்டி பின்னாலேயே வந்து, கேட்டுக்கு நேரே, ஓர் அடி இடைவெளியில் நின்றது. அக்கா ஓட்டுகிற பக்கத்து ஜன்னலைக் குனிந்து பார்த்தார். தங்கையைப் பார்த்தார். கையை உள்ளே விட்டு, அவர் தலையில் வைத்தார். இரண்டு பேரும் அழுதார்கள். நான் திட்டத்தைப் புரட்டினேன்.

பிறகு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தார்.

"நல்லா சொல்லிக் கொடுத்திருக்கீங்க தம்பி. அப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு."

தெருவே கை தட்டியபோது கையை ஆட்டிய மனுஷன். இதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். மாஸ்டரம்மா மறுத்திருக்க மாட்டார். மாஸ்டர் பையிலிருந்து கையை எடுத்தார்.

"நான் சொல்லிக் கொடுக்கல அண்ணி. அவளே கத்துக்கிட்டா. எனக்கு ஹைவேல ஓட்டத் தெரியாது."

"அது தெரியுமே" என்றார் அக்கா. "அன்னிக்கு வண்டிய லாரில ஏத்தும்போதே அப்பாவோட படத்தப் பாத்து நான் சொன்னேனே."

முப்பத்தொரு வருஷம் கட்டிக் காத்த ரகசியத்தை மாஸ்டர் எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் நின்றார். மூன்று பேரும் சிரித்ததும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அக்காவை முன் இருக்கையில் ஏற்ற மாஸ்டரும் நானும் கை கொடுத்தோம். அவர் காலடியில், ரப்பர் விரிப்பில், ஒரு செருப்பு நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அக்கா அதைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். பின்னால் ஏறிக்கொள்ளுங்கள் என்று மாஸ்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். நீங்கள் இரண்டு பேரும் போய் வாருங்கள் என்று மாஸ்டர் கதவைச் சாத்தினார். கார் கிளம்பி, சந்தில் நேரே முன்னால் போய், வளைவில் ஹார்ன் அடித்து மறைந்தது.

மாஸ்டர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கார் கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. அவர் தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். சந்து முனையில் இன்னொரு தடவை ஹார்ன். பிறகு பெரிய ரோடு. இன்ஜின் ஏறியது, ஒரு நொடி தாழ்ந்தது, மறுபடி ஏறியது.

"மூணாவது போட்டாச்சு. கொஞ்சம் சீக்கிரம் போட்டுட்டா" என்றார்.

சத்தம் குறைந்துகொண்டே போய், ஒரே சீராக ஆனது. அவர் அது முழுசாக மறைகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்ல" என்றார். "சரிதான்."